மொட்டைமாடிச் சாவி, ஐந்து இரவுகள்

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஹாஸ்டல் படியேறியபோது தையல் மெஷின் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு பேர், தைக்கக் கொடுக்க அளவு ஜாக்கெட்டையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் கணினி மவுண்ட். வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூடவே முழங்கை நீளத்தில் ஒரு தொலைநோக்கிக் குழாய், தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸையும், குறி பார்க்கும் சின்னக் குழாயையும் அவர் எங்கேயோ தொலைத்திருந்தார். "அதான் கேமரா இருக்கே, போதும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்த கையோடு ஒரகடத்துக்கு வந்தவள். கார்களுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே போர்டை வைத்து, ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று எட்டு மணி நேரம் குனிந்தே பார்க்கிற வேலை. குனிந்து குனிந்து பார்த்தவளுக்கு நிமிர்ந்து பார்க்க ஆசை வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், ஒரு வீடியோ பார்த்தேன், பிடித்துப்போனது. எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதை விடவும் தெரியாது.

மவுண்டின் வேலை இதுதான். ரிமோட்டில் ஊர், தேதி, நேரம் மூன்றையும் அடிக்க வேண்டும். பிறகு ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால், மோட்டார் திரும்பி அதன் முகத்துக்கு நேராகக் குழாயைக் கொண்டுபோய் நிறுத்தும். நிறுத்திய பிறகும் சும்மா இருக்காது. பூமி சுற்றச் சுற்ற நட்சத்திரம் மேற்கே நகருமே, அதற்கு ஈடாகத் தானும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அப்படி நகர்ந்தால்தான் மங்கலான பொருளைக் கேமராவால் பிடிக்க முடியும்.

இதற்கெல்லாம் வானம் வேண்டும். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் மூன்று மாடி ஹாஸ்டலின் மொட்டைமாடியைத் தவிர எனக்கு வேறு வானம் கிடையாது. நள்ளிரவில் ஏரிக்கரையில் போய் ஒரு பெண் தனியாக நின்றால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியோ இரவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும். சாவி வார்டன் அக்காவின் ஜன்னல் ஆணியில் தொங்கும்.

அக்கா உள்ளூர்க்காரி. ஐம்பது வயதிருக்கும். ஒன்பது வருஷமாக எங்களைப்போல அறுபது பெண்களை மேய்த்துக்கொண்டிருக்கிறவர். பெட்டியைத் திறந்து காட்டியதும் அவர் கண் கேமராவில்தான் போய் நின்றது.

"இன்னாமா இது? பொம்பளப் பசங்க துணி காயப்போடற எடத்துல கேமராவா? பக்கத்து வூட்டுக்காரன் பாத்துட்டு ஓனராண்ட போன் போட்டான்னா என் பொழப்பு பேஜாராப் பூடும்."

"இது மேல பாக்கதுக்குக்கா. நட்சத்திரம் எடுக்கதுக்கு."

"என் நட்சத்திரம் திருவாதிரை. எங்க, காட்டு பாக்கலாம்."

அப்போதே வாசலுக்கு வெளியே கூட்டிப்போய், கிழக்கே சிவப்பாக மினுங்கிய திருவாதிரையை விரல் நீட்டிக் காட்டினேன். அக்கா தன் பிறந்த நட்சத்திரத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். ஆனால் அசரவில்லை.

"அதான் கண்ணுக்கே தெரியுதே. அதுக்கு மெஷின் இன்னாத்துக்கு? கண்ணுக்குத் தெரியாதது எதுனா ஒண்ணு எடுத்துக் காட்டு. ஓனர் கேட்டா நானும் படத்தக் காட்டி, பொண்ணு மேலதான் பாக்குதுன்னு சொல்லிக்குவேன். ஒரு வாரம் தரேன். அதுவும் ரெண்டு மணி வரிக்கும்தான். இல்லன்னா பொட்டிய ஊருக்கு அனுப்பிச்சிடு."

எனக்கு அடுத்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். இரவு பத்தரைக்குக் கம்பெனி பஸ் கிளம்பும், ஹாஸ்டல் சேர பதினொன்றேகால் ஆகும். குளித்துச் சாப்பிட்டு மாடியேறினால் பன்னிரண்டு தாண்டிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து இரவு, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலை சாவி ஆணிக்குத் திரும்ப வேண்டும். சரி என்றேன். என்ன எடுப்பது என்றும் அப்போதே முடிவு செய்தேன். திருவாதிரைக்குக் கீழே வரிசையாக மூன்று நட்சத்திரம் நிற்கும். அதற்கும் கீழே, எங்கள் பக்கத்துக் கம்பெனி வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும் இடத்தில், புதிய நட்சத்திரங்கள் உருவாகும் ஒரு பெரிய வாயு மேகம் இருக்கிறது. வீடியோவில் என்னைப் பிடித்து ஆட்டியது அதுதான்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரைக்கே ஒரு ஒத்திகை பார்த்தேன். பொங்கல் முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து திரும்பியிருந்த நேரம். மாடி நிறையத் துணி, போனில் பேசும் பெண்கள், டியூப்லைட் வெளிச்சம். ரசமட்டம் வைத்து, மவுண்ட் நிற்கும் முக்காலியைச் சமன்படுத்தினேன். மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நம் பக்கத்தில் அது வடக்கே அடிவானத்தை ஒட்டி, ஸ்ரீபெரும்புதூர் வெளிச்சத்துக்குள் மங்கலாகக் கிடக்கும். அச்சுக்குள் இருக்கும் துளை வழியாக அதைப் பார்க்க, தரையில் மல்லாந்து படுத்து, கழுத்தைக் கோணலாக்கிக்கொள்ள வேண்டும். துணி எடுக்க வந்தவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவழியாக முடித்து, திருவாதிரையைக் கொடுத்தேன். மவுண்ட் முனகிக்கொண்டே திரும்பி நின்றது. கேமராவோடு இணைத்த போன் திரையில், நட்டநடுவில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. அடுத்த நிமிஷமே மேகம் வந்து எல்லாவற்றையும் மூடியது. போகட்டும் என்று விட்டேன். மெஷின் நல்ல மெஷின் என்று தெரிந்துவிட்டது, அது போதும்.

திங்கள் இரவு சாவி எடுக்கப் போனேன். அக்கா ஒரு நோட்டைக் கட்டியிருந்தார். பெயர், தேதி, எடுத்த நேரம், கையெழுத்து. எழுதிக் கொடுத்ததும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமா, மணி பன்னண்டு இருவது ஆவுது. நேத்து தேதியப் போட்டுகினு கீறே?"

"எங்களுக்குக் காலைல ஆறு மணிக்குத்தான்க்கா தேதி மாறும்" என்று சிரித்தேன்.

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எங்கள் கம்பெனியில் நாள் என்பது காலை ஆறு மணிக்குப் பிறந்து மறுநாள் காலை ஆறு மணிக்கு முடியும். நைட் ஷிஃப்டில் ராத்திரி இரண்டு மணிக்குச் செய்த போர்டுக்கும் முந்தின நாள் தேதிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பன்னிரண்டு அடித்ததும் டேக்கில் புதுத் தேதி எழுதினேன். போர்டு எந்த நாளின் கணக்கு என்று தெரியாமல் மூன்று பெட்டிகளை நிறுத்திவைத்துவிட்டார்கள். லைன் முழுக்கப் பார்க்க நின்று திட்டு வாங்கினேன். அன்றைக்குப் பழகிய கை, பிறகு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அக்கா தோளைக் குலுக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்கு மாடி எனக்கே எனக்கென்று இருந்தது. விளக்கில்லை, துணியில்லை, நல்ல தைப் பனி. எல்லாவற்றையும் ஞாயிறு செய்ததுபோலவே செய்தேன். திருவாதிரையைக் கொடுத்தேன். மவுண்ட் போய் நின்றது. திரை கறுப்பு. கேமரா பார்க்கிற பரப்பு ஒரு முழு நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கொஞ்சம் தள்ளி நின்றாலும் நட்சத்திரம் வெளியே போய்விடும். அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி அழுத்தித் தேடியதில் ஒரு புள்ளி வந்தது. அதுதான் என்று ஓகே கொடுத்தேன். பிறகு அந்த வாயு மேகத்தைக் கேட்டால், மவுண்ட் எதுவுமில்லாத ஓர் இடத்தில் போய் நின்று, வந்துவிட்டோம் என்று பீப் அடித்தது. வேறு ஏதோ நட்சத்திரத்தைத் திருவாதிரை என்று அதற்கு அறிமுகப்படுத்தியிருக்கிறேன். இரண்டு மணி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை திருகுகளை எல்லாம் சரிபார்த்தேன். துருவ நட்சத்திரத்தை மூன்று முறை பார்த்தேன். மறுபடியும் கறுப்பு. இந்தமுறை முறையாக, வரிசை வரிசையாகத் தேடினேன். ஒன்றேமுக்காலுக்குத் திரைக்குள் ஆரஞ்சுப் பொட்டு நுழைந்தது. மவுண்ட் நின்ற இடத்திலிருந்து மேற்கே, இரண்டு நிலா அகலம் தள்ளி. குறித்துக்கொண்டேன். அதற்குள் லென்ஸ் மேல் பனி பூத்து, வாயு மேகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல்தான் வந்தது. புதன் இரவு மூடுபனி. எதிர் மனையில் நிறுத்தியிருந்த டிரெய்லர்கூடத் தெரியவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி வரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் கீழே போன பிறகு கலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

வியாழன் இரவு என் ரூம்மேட்டும் கூட வந்தாள். திருநெல்வேலிக்காரி, டயர் கம்பெனியில் பேக்கிங். தூக்கம் வராத நாளில் மட்டும் எனக்கு உதவுவாள். எல்லாம் பொருத்தி முடிக்கும்போது மணி ஒன்றரை ஆகியிருந்தது. பாதி நிலா ஏறி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது. திருவாதிரையைக் கொடுத்தேன். கறுப்பு. மேற்கே இரண்டு நிலா அகலம் நகர்த்தினேன். பொட்டு வந்து நின்றது. அதே பக்கம், அதே அளவு.

"பெறகென்ன ஏட்டி, கெடச்சிட்டுல்லா" என்றாள். "நடுவுல வச்சி ஓகே குடு. மேகத்த எடுத்துட்டுப் போய்ப் படுப்போம்."

"இது ஏன் தள்ளி நிக்குன்னு தெரியாம எடுக்க மாட்டேன்."

"ஏன் நின்னா ஒனக்கென்னட்டி? சாவி வேணுமா, வேண்டாமா?"

அவள் சொன்னதுதான் நியாயம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஆறு வருஷம் குவாலிட்டி பார்த்தவளின் புத்தி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் லைனில் ஒரு பாகம் கோணலாக உட்கார்ந்தால், கையால் தள்ளி நேராக்கிவிட்டு ஓட்டக் கூடாது. காரணம் தெரியாமல் நேராக்கியது நாளைக்கு வேறு உருவத்தில் திரும்பி வரும். தப்பு ஒருநாள் இடதும் ஒருநாள் வலதுமாக வந்தால் ஏதோ லூஸாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே பக்கம் ஒரே அளவு வந்தால் மெஷின் மேல் குற்றமில்லை, யாரோ செட்டிங்கில் ஒன்றைத் தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே அந்த யாரோ நான்தான். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நட்டநடுவில் நின்றது, நடுராத்திரியில் மட்டும் ஏன் தள்ளி நிற்கிறது? ரிமோட்டில் ஊரின் இருப்பிடத்தைச் சரிபார்த்தேன், சரி. மணியைப் போனோடு ஒப்பிட்டேன், நொடிகூட மாறவில்லை. தேதியையும் பார்த்தேன். பார்த்தும் அது சரியென்றே தோன்றியது.

ரூம்மேட் கொட்டாவி விட்டுக்கொண்டு கீழே போனாள். "பிடிவாதக்காரி" என்று படியிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையில் படம் இல்லை. பிடித்துவைத்த நட்சத்திரத்தை வீம்புக்கு விட்டுவிட்டு வந்தோமே என்று படுக்கையில் புரண்டேன். அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை லைனில் கை வேலை செய்தது, மனம் முழுக்க இரண்டு நிலா அகலத்தில் கிடந்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னலைத் திறந்துவைத்து வானத்தைப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து குளிருது என்று கத்தினார்கள். மேகமில்லை, பனியுமில்லை. இதைவிட நல்ல இரவு கிடைக்காது. நோட்டில் எழுதியபோது அக்கா, "இன்னிக்குக் கடைசி" என்று மட்டும் சொன்னார்.

மாடியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பொருத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மணி ஒன்றரை. திருவாதிரை மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி நேரம்தான். ரிமோட்டை வீசி எறியலாம் போலக் கோபம் வந்தது. அப்போதுதான் கிழக்கே நிலா கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிதாகக் கண்ணெதிரே நிற்பதையாவது இது காட்டுகிறதா பார்ப்போம் என்று, நிலாவைக் கொடுத்தேன்.

மவுண்ட் முனகித் திரும்பியது. திரும்பிக்கொண்டே போய், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்று, பீப் அடித்தது. அங்கே ஒன்றுமில்லை. நிலா அதற்கு வெகு கீழே, தொட்டியின் இடுப்பளவில் நின்றது. இரண்டு நிலா அகலமெல்லாம் இல்லை, கையை நீட்டி விரல்களை விரித்தால் அதில் முக்கால் சாண் தள்ளி.

வாய்விட்டே திட்டினேன். என்ன திட்டினேன் என்பது இங்கே வேண்டாம். திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் எனக்குத் தெரிந்த இடமாகப் பட்டது. தொட்டிக்கு மேலே ஒரு முழம். நேற்று, இதே நேரம், என் ரூம்மேட் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டபோது, நிலா அங்கேதான் நின்றது. மவுண்ட் நேற்றைய நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு நேற்றைய தேதியைக் கொடுத்திருந்தேன்.

ஐந்து இரவும் அதையேதான் கொடுத்திருந்தேன். ஆறு மணிக்குப் பிறக்கும் எங்கள் கம்பெனி நாளை, பன்னிரண்டு மணிக்கே பிறந்துவிடும் வானத்தின் மேல் ஏற்றிவைத்திருக்கிறேன். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முன்னதாக வந்துவிடும். அந்த நாலு நிமிஷம்தான் மேற்கே இரண்டு நிலா அகலம். ஞாயிறு மாலை ஏழரைக்கு இரண்டு தேதியும் ஒன்றாக இருந்ததால் நடுவில் வந்து நின்றது. தனியாக மாடியில் நின்று சிரித்தேன். அவசரத்தில் ரிமோட்டில் தேதியை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

மூன்றாவது முறை சரியாக அடித்து, திருவாதிரையைக் கொடுத்தேன். திரையில், நட்டநடுவில், ஆரஞ்சுப் பொட்டு. ஓகே. அடுத்து வாயு மேகம். மவுண்ட் கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் நகர்ந்து நின்றது. கேமரா பத்து நொடி திறந்து மூட, திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ விரிந்தது. இன்னொரு பத்து நொடி. அதன் மேல் இன்னொன்று. படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரச் சேர, இரண்டு பக்கமும் விரிந்த சிறகும், நடுவில் நெருக்கமாக நாலு நட்சத்திரமும் தெளிந்து வந்தன. ஓரத்தில் லேசான ரோஜா நிறம். நிமிர்ந்து அதே இடத்தைப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி இரண்டு அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அக்கா முக்காடு போட்டுக்கொண்டு, நோட்டும் கையுமாக மேலே வந்துவிட்டார்.

"டைம் ஆயிடுச்சிமா. எட்த்து வை."

நான் போனை நீட்டினேன். அக்கா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் பார்க்கும்போதே இன்னொரு பத்து நொடி சேர்ந்து, சிறகு இன்னும் கொஞ்சம் விரிந்தது.

"நெட்லேர்ந்து எட்த்தியா?"

"இல்லக்கா. பாத்துக்கிட்டே இருங்க, கூடிக்கிட்டே வரும். உங்க திருவாதிரைக்குக் கீழதான் இருக்கு. அன்னா, அந்த எடம்."

அக்கா என் விரலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார்.

"அங்க ஒண்ணியும் இல்லியே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒம்போது வர்சமா இந்த மாடியத் தொறந்து பூட்டிகினு கீறேன். இத்த நான் பாக்கவே இல்லியே."

அக்கா கையில் இருந்த நோட்டைத் தரும்படி கேட்டேன். போன் திரையின் வெளிச்சத்தில் பிரித்தேன். ஐந்து வரி, ஐந்து கையெழுத்து, ஐந்திலும் முந்தின நாள் தேதி. முதல் இரவே அக்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னாரே, அதை ஒருமுறை காதில் போட்டுக்கொண்டிருந்தால் திங்களன்றே படம் கிடைத்திருக்கும். நான்தான் சிரித்தேன். ஒவ்வொரு தேதியாகக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான தேதியை எழுதி, எங்கள் லைனில் செய்வதுபோலவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே சிறு கையெழுத்துப் போட்டேன்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்கக்கா" என்றேன். "தேதி தப்புன்னு."

"சொன்னேன் இல்ல? நீதான் ஆறு மணிக்கு மாறும்னு கத வுட்டே." அக்கா நோட்டை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று, சாவிக்குக் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். அதை வாங்கி, வளையத்தில் இருந்த இன்னொரு சாவியைக் கழற்றிக்கொண்டு, மாடிச் சாவியை மட்டும் என் கையில் திருப்பி வைத்தார்.

"போர்வ எட்த்தாந்தியா? இல்லன்னா கீழ என் ரூம்ல ஒண்ணு கீது, எட்த்துக்கோ. ரெண்டு மணின்னு நான் சொன்னது நேத்தோட முடிஞ்சிடுச்சி."